ஸ்ரீயா, இஸ்ரோவா: இரண்டு எழுத்தைத் திருப்பித் தள்ளலாமா?

கேள்வி:
குறுக்கெழுத்துப் புதிருக்காக சி மொழியில் ஒரு நிரல் எழுதுகிறேன். கோப்பை எஃப்கெட்-டபிள்யூசி (ஒவ்வொரு யூனிகோட் எழுத்தாக வாசிக்கும் ஃபங்ஷன்) கொண்டு வாசித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பிரிக்கிறது. 'க' வந்ததும் அடுத்தது புள்ளியா, கொம்பா, காலா என்று படித்துப் பார்ப்பேன். எதுவும் இல்லையென்றால், அடுத்த முறை மீண்டும் வாசிக்கக் கிடைக்கும்படி, அன்கெட்-டபிள்யூசி என்ற ஃபங்ஷனால் திருப்பித் தள்ளிவிடுவேன். 'க்ஷ' வரை தொல்லையில்லை. ஸ்ரீதான் படுத்துகிறது. யூனிகோடில் அது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என நான்கு. 'இஸ்ரோ' வந்தால், ர-வையும் ஓகாரக் குறியையும் வாசித்த பிறகுதான் ஸ்ரீ இல்லை என்றே தெரிகிறது. இரண்டையும் தள்ளுகிறேன், லினக்ஸில் ஓடுகிறது. இதை நம்பலாமா?

பதில் 1:
வேண்டாம். சி மொழியின் தரநிலை உறுதி தருவது ஒரே ஒரு யூனிகோட் எழுத்துக்கு. இடையில் வாசிக்காமல் இரண்டாவதைத் தள்ளினால் டபிள்யூஇஓஎஃப் (கோப்பின் முடிவையோ பிழையையோ குறிக்கும் மதிப்பு) வரலாம். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சி தாராளமாக இடம் கொடுப்பதால் உங்களிடம் ஓடுகிறது. வரிசையையும் பாருங்கள்: கடைசியாகத் தள்ளியதுதான் முதலில் திரும்பும். எனவே முதலில் ஓகாரக் குறி, பிறகு ர.

பதில் 2:
நான் எப்போதும் தள்ளுவதைப் போட்டுவைக்கச் சொந்தமாக ஒரு குட்டி அரே (வரிசைப் பட்டியல்) வைத்துக்கொள்வேன்; இரண்டு இடம், வகை வின்ட்-டி (எழுத்தோடு டபிள்யூஇஓஎஃப்-ஐயும் தாங்கும் வகை). வாசிக்கும் ஃபங்ஷன் முதலில் அதைப் பார்க்கும், காலியாக இருந்தால்தான் கோப்புக்குப் போகும். பத்துப் பன்னிரண்டு வரி, எந்த கம்பைலரிலும் ஒரே மாதிரி நடக்கும். இன்னொரு லாபம்: கோப்பு 'ஸ்ர' என்று முடிந்தால் அடுத்து வருவது டபிள்யூஇஓஎஃப். அன்கெட்-டபிள்யூசி அதை ஏற்காது, அரே ஏற்கும். ஆனால் எஃப்சீக் செய்தால் (கோப்பில் வேறு இடத்துக்குத் தாவினால்) அரேயை நீங்களே காலி செய்ய வேண்டும். அன்கெட்-டபிள்யூசி தள்ளியதை எஃப்சீக் தானே உதறிவிடும்.

கேட்டவர்:
அரேக்கு மாற்றிவிட்டேன். 'இஸ்ரோ' மூன்று கட்டம், 'ஸ்ரீரங்கம்' ஐந்து, சரியாக வருகிறது. ஆனால் சில கோப்புகளில் ஓகாரக் குறியே இரட்டைக் கொம்பு, கால் என்று தனித்தனியாக இருக்கிறது. அதற்கும் இரண்டு இடம் போதுமா?

பதில் 2:
போதும். ர-வுக்குப் பின் ஈகாரம் இல்லை என்று இரட்டைக் கொம்பிலேயே தெரிந்துவிடும். இரண்டையும் அரேயில் வையுங்கள். பிறகு 'ரே' சேர்ந்ததும் கால் வருகிறதா என்று இன்னும் ஒன்று பாருங்கள், வந்தால் அதே கட்டத்தில் சேருங்கள். மெயினின் தொடக்கத்தில் செட்லொகேல் (கணினியின் மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பை நிரலுக்குச் சொல்லும் ஃபங்ஷன்) இருக்கட்டும். ஜிலிப்சியில் அது இல்லாவிட்டால் முதல் தமிழ் எழுத்திலேயே டபிள்யூஇஓஎஃப் வரும், கோப்பு முடிந்துவிட்டது போலத் தெரியும். பிழை எண்ணைத் தாங்கும் எர்நோ-வில் இஐஎல்எஸ்இக்யூ (எழுத்தாக மாற்ற முடியாத பைட்டுகள் என்ற பிழை) இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.