மறுமொழி: ‘ஒளிச்சிதைவு’ ஒன்றே போதுமா?

வணக்கம் ஐயா,

கடல்நீரிலுள்ள கரிமப் பொருளை (உயிரினங்களிலிருந்து வந்த கார்பன் சேர்மங்களை) சூரிய ஒளி என்ன செய்தாலும் ‘ஒளிச்சிதைவு’ என்றே சொல்லிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். பொதுப்பெயராக அது சரி. ஆனால் உள்ளே நடப்பவை வேறு வேறு. நம் கலைச்சொல் அகராதியில் தனித்தனிச் சொல் இல்லாவிட்டால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள்.

முதலில் நிறம் போவது. இலைதழை மக்கி ஆற்றோடு வரும் கரைபொருள் கரையோர நீருக்குத் தேநீர் நிறம் தருகிறது. இதை ‘நிறக்கரிமம்’ எனலாம். (‘கரிமச் சாயம்’ வேண்டாம், அது துணிச்சாயத்தைக் குறித்துவிடும்.) புற ஊதாக் கதிரை உறிஞ்சி இது உடைகிறது, நிறம் இழக்கிறது. உடைந்த சிறு துண்டுகளில் பல பாக்டீரியாவுக்கு இரையாகின்றன. நீர் தெளிவதால் கதிர் இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது.

இந்த நிறமிழப்புக்கு ‘ஒளிவெளுப்பு’ என்பதே என் தேர்வு. ‘வெயில்வெளுப்பு’ காதுக்கு இனிமைதான், ஆனால் வெயில் என்றால் சூடும் சேர்ந்துவிடுகிறது. காரைக்குடி வீட்டில் அப்பத்தாவின் அரக்குக் கண்டாங்கிச் சேலை வளவுக் (முற்றத்துக்) கொடியில் மடித்தபடியே கிடக்கும். நாளடைவில் மேல்மடிப்பு வெளிறிப்போனது, உள்மடிப்பு அரக்காகவே இருந்தது. சூடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளுத்தது ஒளி பட்ட பக்கம்.

அடுத்தது வண்டல். தொண்டிப் பக்கம் பாக் விரிகுடாப் பகுதியில் கடல் ஆழம் குறைவு. காற்றடித்தால் அடிச்சேறு கிளம்பி நீர் கலங்கலாகிவிடும். அடியில் இருட்டில் கிடந்த துகள்கள் அப்போது ஒளியைப் பார்க்கின்றன. மிசிசிப்பி ஆற்று வண்டலைச் சூரிய ஒளி போன்ற விளக்கின்கீழ் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், துகளில் இருந்த கரிமம் நீரில் கரைந்த கரிமமாக மாறியது தெரிந்தது. சர்க்கரை கரைகிற மாதிரி அல்ல இது. ஒளி வேதிப் பிணைப்புகளை அறுப்பதால் துண்டுகள் நீருக்குள் வருகின்றன. இதற்கு ‘ஒளிக்கரைவு’. ‘ஒளிக்கரைசல்’ கூடாது, கரைசல் என்பது கரைந்து முடிந்த திரவம். ‘கரைப்பு’ என்றால் ஒருவர் கையால் கரைப்பதுபோல் ஆகிவிடும்.

கடைசியாக, கரிமப் பொருளில் ஒரு பகுதி ஒளியால் கார்பன் டை ஆக்சைடாகவே போய்விடுவது. ஆங்கிலத்தில் photomineralization என்பதை அப்படியே பெயர்த்த ‘ஒளிக்கனிமமாக்கம்’ என்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கனிமம் என்றதும் எங்கள் மாவட்டத்தில் சிவகங்கை கிராஃபைட்தான் நினைவுக்கு வரும், இங்கே வருவதோ வாயு. ‘ஒளிவாயுவாக்கம்’ என்று மாற்றலாமா என்றால், அந்த வாயுவின் பெரும்பகுதி நீரிலேயே கரைந்து பைகார்பனேட்டாக நிற்கிறது. இதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அகராதிப் பட்டியலில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.