கலைச்சொல்: ‘கடிகார வில்’லா, ‘சுருள்நாடா’வா?

அன்பின் அண்ணாவுக்கும் குழுவில் உள்ள மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

வாகனப் பகுதிகளின் சொற்பட்டியலில், ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ‘கிளொக் ஸ்பிரிங்’குக்குக் ‘கடிகார வில்’ என்று போட்டிருக்கிறீர்கள். இலங்கைப் பாடநூல் வழக்கில் ஸ்பிரிங் என்றால் வில்தான். ஸ்பிரிங் தராசை விற்றராசு என்று படித்து வந்தவர்கள்தானே நாமெல்லாம். அந்த வகையில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பகுதியைக் கழற்றிப் பார்த்த யாருக்கும் இந்தப் பெயர் பொருந்தாது. அது கடிகாரத்தில் வருவதும் இல்லை, வில்லைப் போல இழுத்துத் தள்ளுவதும் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு. அதற்குள் செப்பு இழைகள் பதித்த மெல்லிய நாடா ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நாடாவின் ஒரு முனை ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள அசையாத கூட்டோடு இருக்கும், மறு முனை திரும்புகிற ஸ்டியரிங் சில்லோடு போகும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வெட்டினால், அதாவது திருப்பினால், சுருள் இறுகும், மறு பக்கம் வெட்டினால் தளரும். அவ்வளவுதான் அதன் வேலை. பழைய லொறிகளில் இந்த இடத்தில் ஒரு செப்பு வளையமும் அதை உரசிக்கொண்டிருக்கும் தொடுமுனையும் இருந்தன.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மெனக்கெடக் காரணம், அந்த நாடா வழியாக இரண்டு முக்கியமான மின்னிணைப்புகள் போகின்றன. ஒன்று ஹோன். மற்றது சாரதியின் எயார்பேக், நம் பட்டியலில் உள்ளபடி காற்றுப்பை. நாடா அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ‘கடிகார வில்’ என்று கேட்கிற சாரதிக்கு இதில் எதுவும் விளங்காது. ஏதோ வில்லாம், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்.

போன மழைக்காலத்தில் என் மச்சானின் வேனில் நடந்ததைச் சொல்கிறேன். ஹட்டனில் இருந்து நுவரெலியாவுக்கு ஹயர் ஓடுகிறார். நானுஓயாவைத் தாண்டி மேலே ஏறும்போது, பனிமூட்டத்துக்குள் ஒரு வளைவில் ஹோனை அழுத்தியிருக்கிறார், சத்தமே வரவில்லை. கராஜுக்குக் கொண்டுபோய் நிறுத்தி அழுத்தினால் நன்றாக அடித்தது. ஹோனுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று சொல்லிப் புது ஹோன் பூட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் வளைவுகளில் திரும்பவும் ஊமை. அப்புறம் டாஷ்போர்ட்டின் கீழே தனியாக ஒரு சுவிட்ச் வைத்து வயர் இழுத்துவிட்டார்கள். எயார்பேக் விளக்கு எரிகிறதே என்று கேட்டதற்கு, அது சும்மா எரியும், ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது என்று பதில்.

மூன்று மாதம் அப்படியே ஓடினார். நான் திறந்து பார்த்தபோது நாடா முழுதாக அறுந்திருக்கவில்லை, கீறல் விட்டு வெடித்திருந்தது. சில்லு நேராக நின்றால் இழைகள் தொட்டுக்கொள்ளும், ஹோன் அடிக்கும். வெட்டினால் விலகிவிடும். கராஜ் முற்றத்தில் யாரும் ஸ்டியரிங்கை முழுதாக வெட்டிவைத்துக்கொண்டு ஹோன் அடித்துப் பார்ப்பதில்லை. அதனால் பிழை அகப்படவே இல்லை.

மலைநாட்டில் ஹோன் எதற்கு என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. றம்பொடைப் பக்கம் பனி இறங்கினால் முன்னால் போகிற லொறியின் பின்விளக்கே தெரியாது. எதிரே வருவது பஸ்ஸா, தேயிலைக் கொழுந்து லொறியா என்று காதால்தான் அறிய வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேலிருந்து மணிக்கு 40 கிலோமீற்றரில் ஒரு பஸ், கீழிருந்து 30 கிலோமீற்றரில் ஒரு வேன். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் செக்கனுக்கு 19 மீற்றர் குறைகிறது. வளைவுக்கு முன் அடிக்கிற ஹோன் அந்த ஓரிரண்டு செக்கனைத்தான் வாங்கிக் கொடுக்கிறது. டாஷ்போர்ட்டுக்குக் கீழே சுவிட்சைத் தேடுகிற கை, அந்த நேரத்தில் ஸ்டியரிங்கிலும் இல்லை, கியரிலும் இல்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு ‘சுருள்நாடா’. சுருளும் எல்லோருக்கும் தெரியும், நாடாவும் தெரியும். கசெட் காலத்து ஒலிநாடாவை மறந்தவர் இல்லை, பாவாடை நாடா தெரியாத வீடும் இல்லை. ‘நாடா அறுந்துபோச்சு’ என்று ஒரு சாரதி இயல்பாகச் சொல்லிவிடுவார். ‘கடிகார வில் செயலிழந்தது’ என்று லயத்திலும் கராஜிலும் யாரும் சொல்லப்போவதில்லை.

டொயோட்டாவின் கைநூல்களில் இதற்குச் சுருள் கேபிள் என்ற பொருளில்தான் பெயர் இருக்கிறது, அதனால் ‘சுருள்வடம்’ ஆகாதா என்று தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் வடம் என்றதும் நமக்குத் தேர்வடம்தான் ஞாபகம் வரும், ஆள் கூடி இழுத்தாலும் அறாத கனமான ஒன்று. இது கடதாசி போல மெல்லியது. எளிதில் அறுந்துவிடும் என்ற எச்சரிக்கை பெயரிலேயே இருப்பது நல்லது. 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகம் முழுவதும் 6 மில்லியனுக்கு மேற்பட்ட வாகனங்களைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. அதற்கான காரணங்களில் ஒன்று இந்தச் சுருள் சேதமானால் காற்றுப்பை விரியாமல் போகலாம் என்பது. நம் மலைப்பாதைகளில் ஓடுகிற வேன்களில் பெரும்பாலானவை ஜப்பானில் இருந்து வந்தவை, நாளெல்லாம் இடமும் வலமுமாக வெட்டுப்படுகிறவை.

பிழைகளுக்கும் இரண்டு பெயர் சேர்க்கக் கேட்கிறேன். முழுதாகப் போனால் ‘நாடா அறுதல்’. நேராக இருக்கும்போது அடித்து, வளைவில் ஊமையானால் ‘நாடா வெடிப்பு’. சுவர் வெடித்தது என்கிறோமே, அதே வெடிப்புத்தான். இரண்டாவதுதான் ஆபத்து கூடியது, கராஜில் மறைந்து நின்று வீதியில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

அண்ணா, பதிவுக்குக் கீழே விளக்கம் எழுதும்போது இதையும் சேர்த்துவிடுங்கள்: ஹோன் மட்டும் அடிக்காவிட்டால் முதலில் பியூஸ், ரிலே, ஹோன் மூன்றையும் பார்க்கலாம். ஹோனும் போய், எயார்பேக் விளக்கும் எரிந்தால் சுருள்நாடாவைச் சந்தேகிக்க வேண்டும். மஞ்சள் நிறத் தொடுப்புகள் காற்றுப்பைக்குரியவை. அவற்றில் ரெஸ்ட் லாம்ப் (மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் சோதனை விளக்கு) வைக்கக்கூடாது. பற்றரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகே கைவைக்க வேண்டும். புது நாடா பூட்டும்போது அதை நடுநிலையில், அதாவது இரு பக்கமும் சமமாகச் சுற்ற இடமிருக்கும்படி, வைத்துப் பூட்டாவிட்டால், முதல் தடவை ஸ்டியரிங்கை முழுதாக வெட்டும்போதே அறுந்துவிடலாம். இந்த ‘நடுநிலை’யையும் ஒரு சொல்லாகவே பட்டியலில் ஏற்றலாம் என்பது என் எண்ணம்.

இராகலை, பண்டாரவளைப் பக்கம் பாஸ்மார் (கராஜ் மெக்கானிக்குகள்) இதற்கு வேறு ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருந்தால், என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஹட்டனில் இருந்து உங்கள் தம்பி