உதவி: பிரஸ் அழுத்தும்போது மோட்டார் நின்றுவிடுகிறது, 5 ஹெச்.பி. போட்டால் சரியாகுமா?

பட்டறைப்பையன்
வணக்கம். வீட்டுப் பட்டறைக்கு 25 டன் ஹைட்ராலிக் பிரஸ் செய்தேன். 3 ஹெச்.பி. மோட்டார் போட்டிருக்கிறேன். சும்மா ஓடும்போது நன்றாக ஏறி இறங்குகிறது. பழுத்த இரும்பை வைத்து அழுத்தினால் உறுமிக்கொண்டே நின்றுவிடுகிறது, எம்.சி.பி. (லோடு கூடினால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுகிறது. 5 ஹெச்.பி. மாற்றினால் போதுமா? நாளைக் காலை டவுனுக்குப் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

நட்டுபோல்ட்டு
சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? சிலிண்டர் விட்டம்? பம்பு ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி ஆயில் தள்ளும்?

மின்னல்வேல்
கெப்பாசிட்டர் போயிருக்கும் தம்பி. உறுமுகிறது என்றாலே பாதிக்குப் பாதி அதுதான். மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் அதை மாற்றிப் பாருங்கள், செலவு கம்மி.

நட்டுபோல்ட்டு
கெப்பாசிட்டர் போயிருந்தால் சும்மாகூடக் கிளம்பாதே அண்ணே. அவர் நன்றாக ஓடுகிறது என்கிறாரே.

மின்னல்வேல்
ரன்னிங் கெப்பாசிட்டர் வீக் ஆனால் ஓடும், லோடு எடுக்காது. 20 வருடமாக மோட்டார் கட்டுகிறேன்.

பழையஇரும்பு
இதே கேள்விக்கு நானே பத்துத் தடவை பதில் எழுதியிருக்கிறேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. ஹெச்.பி. மட்டும் சொல்லி பிரஸ் கேட்பது, செருப்பு அளவு சொல்லிச் சட்டை தைக்கக் கேட்பது மாதிரி. 25 டன் என்றால் 10 ஹெச்.பி. வாங்குங்கள், முடிந்தது.

பட்டறைப்பையன்
மன்னிக்கவும் ஐயா. சிங்கிள் பேஸ்தான். சிலிண்டர் பழைய ஜே.சி.பி.யில் கழற்றியது, உள்விட்டம் 125 மி.மீ. பம்பும் பழைய சாமான் கடையில் எடுத்தது, மேலே 25 என்று அடித்திருக்கிறது. பிரஷர் கேஜ் 40 பாருக்கு மேல் ஏறியதே இல்லை. அழுத்தும்போது வோல்டேஜ் 180க்கு இறங்குகிறது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கத்தான். சம்மட்டி பிடிக்க ஆள் கிடைப்பதில்லை, அப்பாவுக்குத் தோள்பட்டை போய்விட்டது.

சிலிண்டர்சித்தப்பா
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. மோட்டார் மேல் தப்பில்லை, பம்பு உங்கள் மோட்டாருக்கு ரொம்பப் பெரிது.

ஒரு சுற்றுக்கு 25 சிசி, 1440 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்கு 36 லிட்டர். 125 மி.மீ. சிலிண்டரில் 25 டன் வர 200 பார் அழுத்தம் வேண்டும். லிட்டரையும் பாரையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட்: 12. பம்பு நட்டத்தையும் சேர்த்தால் 14, அதாவது 19 ஹெச்.பி. கிட்ட. 3 ஹெச்.பி. அந்தப் பம்பை 31 பார் வரைதான் நிம்மதியாகத் தள்ளும். அது நாலு டன்கூட இல்லை. மூச்சைப் பிடித்து 40 வரை போய் நிற்கிறது. 5 ஹெச்.பி. போட்டாலும் ஆறரை டன்தான்.

சின்னப் பம்பு போட்டால் இதே 3 ஹெச்.பி.யில் 25 டன் வரும். ஆனால் ராம் (அழுத்தும் தண்டு) நொடிக்கு முக்கால் சென்டிமீட்டர்தான் நகரும். அதற்குள் பட்டையின் சூட்டை டை (அழுத்தும் அச்சு) குடித்துவிடும்.

7.5 ஹெச்.பி. 1440 மோட்டார், 10 சிசி பம்பு. நொடிக்குக் கிட்டத்தட்ட 2 செ.மீ. அரிவாளுக்கு அது போதும். இரண்டு ஸ்டேஜ் பம்பு கிடைத்தால் இன்னும் நல்லது: சும்மா இறங்கும்போது வேகம், இரும்பைத் தொட்டதும் மெதுவாகி முழு அழுத்தம்.

பழையஇரும்பு
நான் 10 சொன்னேன், இவர் 7.5 சொல்கிறார். பெரிதாகப் போட்டவன் கெட்டதில்லை.

கரிமூட்டை
7.5 என்றால் த்ரீ பேஸ் வேண்டுமே. தோட்டத்தில் போர்வெல் இருந்தால் அந்த சர்வீஸிலிருந்து ஒரு ஒயர் இழுங்கள். இலவசக் கரண்ட், யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

நட்டுபோல்ட்டு
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விவசாய இணைப்பில் பட்டறை ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவில் இரண்டு மடங்குக் கட்டணம் போடுவார்கள். 3ஏ1 என்று குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டணமே இருக்கிறது, 12 கிலோவாட் வரை. 7.5 ஹெச்.பி. என்பது 5.5 கிலோவாட்தான்.

கரிமூட்டை
ஊரில் பாதிப்பேர் அதில்தான் தண்ணீர் விற்கிறார்கள், அவர்களைக் கேளுங்களேன்.

நட்டுபோல்ட்டு
அவர்கள் மாட்டினால் லாரி, டேங்க் எல்லாம் வைத்திருக்கிறார்கள், கட்டுவார்கள். இவர் ஒரு உலை வைத்திருக்கிறார்.

மின்னல்வேல்
வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) போட்டால் சிங்கிள் பேஸிலேயே த்ரீ பேஸ் மோட்டார் ஓடுமே, இவ்வளவு பேச்சு எதற்கு?

சிலிண்டர்சித்தப்பா
சிங்கிள் பேஸ் வி.எஃப்.டி. கொடுப்பது 230 வோல்ட் த்ரீ பேஸ் அண்ணே. நம் ஊர் 7.5 ஹெச்.பி. மோட்டார் 415 வோல்ட்டுக்கு டெல்டாவாகக் கட்டியது. 230இல் ஓட்டினால் பாதி வேகத்தைத் தாண்டியதும் இழுவை போய்விடும். ரீவைண்டிங் செய்யலாம், ஆனால் 180க்கு இறங்கும் லைனில் அதையும் எதை நம்பி மாட்டுவது?

பழையஇரும்பு
பவர் ஹேமர் (மோட்டாரில் அடிக்கும் சம்மட்டி) போட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. பெல்ட், ஃப்ளைவீல், 2 ஹெச்.பி. முடிந்தது.

கரிமூட்டை
பக்கத்து வீட்டில் குழந்தை தூங்க வேண்டாமா? பவர் ஹேமர் அடித்தால் நாலு வீடு தள்ளிச் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும்.

பழையஇரும்பு
கொல்லன் தெருவில் குடி வந்துவிட்டுச் சத்தம் என்றால்?

(இதற்குக் கீழே இருவரும் எழுதிய பதினோரு பதில்களை நீக்கியிருக்கிறேன். ஹேமருக்குத் தனி இழை போடுங்கள். – மட்டுறுத்துநர்)

சிலிண்டர்சித்தப்பா
தம்பி, இன்னும் இரண்டு விஷயம். பம்பு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். திருப்பி ஓட்டினால் ஷாஃப்ட் சீல் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். த்ரீ பேஸில் இரண்டு ஒயரை மாற்றினால் திசை மாறும், கப்ளிங் மாட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆயில் போகும் ஹோஸ். அழுத்தத்தில் இருக்கும்போது எங்கே கசிகிறது என்று விரலால் தடவாதீர்கள். 200 பாரில் ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரும். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். அதே ஆயில் பழுத்த பட்டையில் தெறித்தால் தீ. உலைக்கும் ஹோஸுக்கும் நடுவில் ஒரு தகடு நிறுத்துங்கள்.

நட்டுபோல்ட்டு
லீவர் வால்வு ஓபன் சென்டரா என்றும் பாருங்கள். லீவர் நடுவில் இருக்கும்போது ஆயில் சும்மா டேங்குக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் புது மோட்டாரும் கிளம்பும்போதே திணறும்.

மின்னல்வேல்
என்ன ஆச்சு தம்பி? கெப்பாசிட்டர் மாற்றினீர்களா?

நட்டுபோல்ட்டு
ஆளையே காணோம்.

பட்டறைப்பையன்
(ஏழு வாரம் கழித்து)
தாமதத்துக்கு மன்னிக்கவும். த்ரீ பேஸ் வர ஒரு மாதம் ஆனது. 7.5 ஹெச்.பி. பழைய மோட்டார், 10 சிசி பம்பு. பட்டை அமுங்குகிறது. ஒரு நிப்பிளில் கசிந்தது, அட்டை வைத்துத்தான் பார்த்தேன் சித்தப்பா. காலையிலிருந்து அப்பா லீவரை விடவில்லை, நான் உலை ஊதிக்கொண்டிருக்கிறேன்.

பழையஇரும்பு
கேஜ் படம் போடவும்.