விண்டோஸ் 11க்கு மாறிய பின் ஒரு திரை பருத்துத் தெரிகிறது, மற்றொன்று தெரியவே இல்லை

கேள்வி: திருப்பூர், ஆர்ட்வொர்க் வடிவமைப்பு

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு ஆர்ட்வொர்க் தயாரித்து, நிறம் பிரித்து, பாசிட்டிவ் (அச்சுச் சட்டம் தயாரிக்க உதவும் ஃபிலிம்) எடுக்கக் கொடுக்கும் வேலையைச் செய்து வருகிறேன். என் கணினி 2019இல் வாங்கியது. இன்டெல் ஐ5 9400எஃப் பிராசசர், 16 ஜிபி ரேம், என்விடியா ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை உள்ளன. கார்டின் எச்டிஎம்ஐ வழியாக 1920க்கு 1080 அளவுள்ள பெரிய மானிட்டரும், விஜிஏ வழியாக 1600க்கு 900 அளவுள்ள பழைய மானிட்டரும் இணைந்திருந்தன. பெரிய திரையில் படத்தையும், சின்னத் திரையில் பேன்டோன் நிற எண்களையும் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் மின்னஞ்சலையும் வைத்துக்கொண்டு வேலை செய்தே பழகிவிட்டேன்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், வேலை குறைவாக இருந்த கடந்த சனிக்கிழமை இரவு விண்டோஸ் 11க்கு மாற்றினேன். மறுநாள் காலை பார்த்தால், பெரிய திரையில் எழுத்தும் படமும் பருத்து மங்கலாகத் தெரிகின்றன. அளவு 1024க்கு 768 என்று காட்டுகிறது. அதை மாற்றும் பட்டியலை அழுத்தவே முடியவில்லை. பழைய மானிட்டரில் சிக்னல் இல்லை என்று வருகிறது. என்விடியா தளத்தில் இருப்பதிலேயே புதிய டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) இறக்கி நிறுவிப் பார்த்தேன். பொருத்தமான கிராஃபிக்ஸ் வன்பொருள் எதுவும் இல்லை என்று கூறி அது பாதியில் நின்றுவிட்டது.

அருகிலிருந்த சர்வீஸ் கடையில் கேட்டபோது, கார்டு போய்விட்டது, புதியது போட வேண்டும் என்றார்கள். ஏற்றுமதி ஆர்டர் ஒன்றுக்குப் புதன்கிழமைக்குள் ஸ்ட்ரைக் ஆஃப் (ஒப்புதலுக்கான மாதிரி அச்சுத் துண்டு) அடித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்தத் திரையில் புள்ளிகளின் ஓரம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. கார்டு உண்மையிலேயே பழுதாகிவிட்டதா, அல்லது விண்டோஸ் 10க்கே திரும்பிவிடுவது நல்லதா? தெரிந்தவர்கள் வழி கூறுமாறு வேண்டுகிறேன்.

பதில் 1: பொள்ளாச்சி

வணக்கம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். திரை ஒரு கணம் இருண்டு, கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். எனக்கு ஒருமுறை அதிலேயே சரியாகிவிட்டது. அப்படியும் வராவிட்டால், பழைய மானிட்டரின் கேபிளைக் கார்டிலிருந்து கழற்றி, மதர்போர்டில் இருக்கும் விஜிஏ இணைப்பில் செருகிப் பார்க்கலாம்.

பதில் 2: கோவை, கணினி பழுதுபார்ப்பு

அம்மணி, கார்டுக்காகப் பணத்தை எடுத்து வைக்க வேண்டாம். உங்கள் கார்டு போகவில்லை. அதை உறுதியாகச் சொல்வதற்கு நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று முடிந்தால், அதற்குள் கிராஃபிக்ஸ் பகுதி கிடையாது. ஆகவே உங்கள் கணினியில் எந்தப் படம் வந்தாலும் அது அந்த ஜிடி 710 வழியாகத்தான் வந்தாக வேண்டும். கார்டு செத்திருந்தால் மங்கலான படம்கூட வந்திருக்காது. பொள்ளாச்சி நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இதே காரணத்தால் மதர்போர்டின் விஜிஏ இணைப்பில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி, டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே என்விடியாவின் பெயர் இல்லாமல், மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருக்கும் என்றே நினைக்கிறேன். கார்டுக்கு உரிய டிரைவர் கிடைக்காதபோது, திரை இருண்டுவிடாமல் இருப்பதற்காக விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும் பொது டிரைவர் அது. கணினி தொடங்கும்போது என்ன அளவில் படம் கிடைத்ததோ அதையே அது பிடித்துக்கொண்டிருக்கும். அளவை மாற்றவும் அதற்குத் தெரியாது, இரண்டாவது மானிட்டரைத் தனியாக இயக்கவும் தெரியாது. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் இந்த ஒரே இடத்திலிருந்து வருபவை. அப்டேட்டுக்குப் பின் திரை கெட்டது என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான். அதைப் பார்க்காமல் கார்டை மாற்றச் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

புதிய டிரைவர் ஏன் மறுத்தது என்றால், ஜிடி 710 என்பது கெப்லர் என்ற பழைய தலைமுறையைச் சேர்ந்தது. அந்தத் தலைமுறைக்கான கடைசி டிரைவர் வரிசை 470. 2021இல் புதிய வசதிகள் நின்றுபோய், 2024 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்தன. அதற்குப் பின் வந்த வரிசைகளில் உங்கள் கார்டின் பெயரே இருக்காது. எனவே இருப்பதிலேயே புதியதை எடுக்காமல், என்விடியா தளத்தின் டிரைவர் பக்கத்தில் ஜிஃபோர்ஸ் 700 சீரிஸ், அதில் ஜிடி 710, பிறகு விண்டோஸ் 11 என்று நீங்களே தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். 474 அல்லது 475 என்று தொடங்கும் எண் கிடைக்கும். அவையும் அந்த 470 வரிசையைச் சேர்ந்தவையே. ஜிடி 730 வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை: அந்தப் பெயரில் கெப்லரும் உண்டு, அதைவிடப் பழைய ஃபெர்மியும் உண்டு, ஃபெர்மி வகைக்கு இந்த வரிசை பொருந்தாது.

டிரைவரை இறக்கி வைத்துக்கொண்ட பிறகு இணையக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் ஒன்றை நிறுவும்போது விண்டோஸ் அப்டேட் குறுக்கே புகுந்து வேறொன்றைப் போட்டுவிடாமல் இருக்கவே இதைச் சொல்கிறேன். நிறுவும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்து, கிளீன் இன்ஸ்டலேஷன் என்ற கட்டத்தில் குறியிடுங்கள். பாதியில் நின்ற முயற்சியின் மிச்சங்கள் அதில் போய்விடும். அதிலும் பிழை வந்தால், அடிப்படை டிரைவர்களுடன் மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து பழைய டிரைவர் முழுவதையும் நீக்க வேண்டியிருக்கும். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதற்கு முன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; சேஃப் மோடுக்குப் போகும் வழியில் அந்த எண் கேட்கப்படலாம். எந்த வழியில் செய்தாலும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் தொடங்காதீர்கள். யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்றும் தெரிந்து வைத்திருங்கள்.

விண்டோஸ் 10க்குத் திரும்பும் வழி, மாறிய நாளிலிருந்து 10 நாட்களுக்குத் திறந்திருக்கும்; செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் அது இருக்கிறது. இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும், ஆகவே இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். திரும்பினாலும், கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கே 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். ஆர்டர் கையில் இருக்கும் வாரத்தில் நான் திரும்பச் சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்டவர்: திருப்பூர்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்றுதான் இருந்தது. 475 எண்ணுள்ள டிரைவரை நிறுவிய சில நிமிடங்களில் பெரிய திரை 1920க்கு 1080இல் தெளிவாக வந்துவிட்டது. மிக்க நன்றி. இன்னும் இரண்டு குறைகள் உள்ளன. பெரிய திரையில் கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது, வெள்ளையும் மங்கல்தான். கறுப்புத் துணியில் அடிக்கும் டிசைன் என்பதால், நிழல் எங்கே முடிந்து துணி எங்கே தொடங்குகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. பழைய மானிட்டரில் படம் வந்துவிட்டது, ஆனால் 1024க்கு 768க்கு மேல் பட்டியலில் எதுவும் இல்லை.

பதில் 3: ஈரோடு, ஆஃப்செட் அச்சக வடிவமைப்பு

வணக்கம் சகோதரி. மஞ்சள்தூள் பாக்கெட் உறைக்கு நிறம் வைக்கும்போது இதே குறையால் நானும் தவித்திருக்கிறேன். திரையில் மஞ்சள் வாடித் தெரிந்ததால் கூடுதலாக ஏற்றி, அச்சில் அது திட்டமிட்டதைவிட அழுத்தமாக வந்துவிட்டது. ஆகவே இதைச் சரிசெய்யும் வரை கோப்பில் ஒரு நிறத்தையும் மாற்றிவிடாதீர்கள்.

கணினித் திரைக்குக் கறுப்பு என்பது 0, வெள்ளை என்பது 255. தொலைக்காட்சிக்கான வீடியோ முறையில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடிகிறது. எச்டிஎம்ஐ வழியாக 1080 அளவு போகும்போது, எதிரே இருப்பது தொலைக்காட்சி என்று டிரைவர் எண்ணிக்கொண்டு இந்தக் குறுகிய வரம்பில் அனுப்பிவிடுவது உண்டு. முழு வரம்பை எதிர்பார்க்கும் மானிட்டர் அந்த 16ஐச் சாம்பலாகவும் 235ஐ அழுக்கு வெள்ளையாகவும் காட்டுகிறது. உங்கள் பழைய டிரைவரில் இதை யாரோ சரிசெய்து வைத்திருந்திருக்கலாம். சுத்தமாக நிறுவியபோது அந்த அமைப்பும் அழிந்திருக்கும்.

என்விடியா கண்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன் பகுதிக்குச் சென்று, கீழே நிற அமைப்புகளை என்விடியாவே நிர்வகிக்கும்படி தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்ற கட்டம் திறக்கும். அதில் லிமிடெட் என்பதை ஃபுல் என்று மாற்றுங்கள். மானிட்டரின் சொந்தப் பட்டியலில் எச்டிஎம்ஐ கறுப்பு அளவு என்று ஒன்று இருந்தால், அதையும் முழு வரம்புக்கே வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நிழல்கள் அப்படியே அமிழ்ந்துவிடும். செட்டிங்ஸில், திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் அணைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

வரம்பு சரியான பிறகே ஐசிசி புரொஃபைலுக்கு (மானிட்டரின் நிறத் தன்மையைப் பதிந்த கோப்புக்கு) வர வேண்டும். முன்பு கருவி வைத்து அளந்த புரொஃபைல் இருந்தால், கோப்பு வட்டில் இருந்தும் மானிட்டருடனான தொடர்பு அறுந்திருக்கலாம். கலர் மேனேஜ்மென்ட் பலகத்தில் அந்த மானிட்டரைத் தேர்ந்து, என் அமைப்புகளையே பயன்படுத்து என்ற கட்டத்தில் குறியிட்டு, புரொஃபைலைச் சேர்த்து இயல்பானதாக்குங்கள். இவ்வளவும் செய்தாலும் இறுதி ஒப்பீட்டைத் திரையில் செய்யாதீர்கள். முன்பு ஒப்புதல் பெற்ற ஸ்ட்ரைக் ஆஃப் துண்டு ஒன்றை எடுத்து, அதன் கோப்பைத் திறந்து, துணியையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறத்தின் பெயரைப் பேன்டோன் துணிப் புத்தகத்திலிருந்து எடுப்பதே நம்பிக்கையானது.

பதில் 4: கோவை, கணினி பழுதுபார்ப்பு

அம்மணி, பழைய மானிட்டருக்கு விஜிஏ கேபிளை மாற்றிப் பாருங்கள். மானிட்டர் தன்னால் எந்தெந்த அளவைக் காட்ட முடியும் என்பதை 12, 15 எண் பின்கள் வழியாகவே கணினிக்குச் சொல்கிறது. மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்தக் கம்பிகளே இருக்காது. பழையவற்றில் பின் மடங்கியோ ஒடிந்தோ இருக்கும். படம் வரும், ஆனால் எதிரே என்ன மானிட்டர் என்பது கார்டுக்குத் தெரியாது. அதனால் 1024க்கு 768உடன் நின்றுகொள்ளும். முன்பு இதே கேபிளில் 1600க்கு 900 வந்தது என்றால், யாரோ கஸ்டம் ரெசல்யூஷனாகக் கையால் சேர்த்திருப்பார்கள். அதுவும் பழைய டிரைவருடன் போயிருக்கும்.

கேள்வி கேட்டவர்: திருப்பூர்

அண்ணா, கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். 12ஆம் எண் பின் உள்ளே மடங்கியிருந்தது. பக்கத்து யூனிட்டிலிருந்து வேறொரு கேபிளை வாங்கி மாட்டியதும் 1600க்கு 900 தானாகவே வந்துவிட்டது. ஈரோட்டுச் சகோதரி சொன்னபடி ஃபுல் என்று மாற்றிய உடனே கறுப்பு கறுப்பாகிவிட்டது. போன மாதம் ஒப்புதலான துண்டை வைத்துப் பார்த்தேன், நிழல் பகுதி துணியோடு பொருந்துகிறது. சிவப்பில் மட்டும் சிறு வேறுபாடு தெரிகிறது, புரொஃபைலை இன்றிரவு மறுபடி அளக்கப் போகிறேன். ஸ்ட்ரைக் ஆஃபுக்கான பாசிட்டிவ் நாளைக் காலை யூனிட்டுக்குப் போகிறது.