பதில்: ஹோர்மெசிசுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

வணக்கம் சேர், மற்ற எல்லாருக்கும்,

ரெண்டு நாளா எல்லாத்தையும் வாசிச்சுக்கொண்டுதான் இரிக்கன், வயல் வேலையால எழுத நேரம் வரல்ல. கூடினாக் கொல்ற நஞ்சு நல்லாக் குறைஞ்ச அளவில பட்டா உயிர ஊக்கிவிடுறதத்தான் ஹோர்மெசிசு எண்டுறது. அதுக்குச் சேர் சொன்ன "நன்னஞ்சு" எண்ட சொல் எனக்குச் சரியாப் படல்ல, கோவிக்காதீங்க. வாய்க்குச் சுகமான சொல்தான், ஆனா நன்மை ஆருக்கு எண்டு ஒரு கேள்வி கிடக்கே.

எங்கட மட்டக்களப்புப் படுவான்கரையில நடந்ததச் சொல்றன். போன பெரும்போகம் பெரியப்பாட நெல்லு வயல்ல அறக்கொட்டியான், அதான் பயிர்ச் சாறு குடிக்கிற கபில நிறத் தத்திப் பூச்சி, விழுந்திட்டு. பூச்சி மருந்து விலை உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு போத்தலுக்குத் தண்ணியக் கூட்டி ரெண்டு போத்தல் அடிக்கிற நிலத்துக்கு இழுத்து அடிச்சம், அதுவும் மேல் இலையிலதான் பட்டிச்சு, பூச்சி நிக்கிறது பயிர்ட அடியில, தண்ணிக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு கிழமையால பயிர விலத்திப் பாத்தா முந்தினதவிடக் கூட, கபில நிறத்தில மொச்சுக்கொண்டு நிக்குது. மறுகா வட்டம் வட்டமா நெருப்பு வச்ச மாதிரிக் காஞ்சு போச்சு. "அரைவாசி மருந்து அதுக்குச் சத்து மருந்து மனே" எண்டார் பெரியப்பா.

பூச்சியத் தின்னுற சிலந்தி மருந்தால செத்ததும் இதுக்குப் பெரிய காரணம், அத மறைக்கல்ல. ஆனா அது மட்டுமில்ல, பிலிப்பைன்ஸ்ல இரிக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில 1980 அளவிலயே பாத்திரிக்காங்க, டெல்டாமெத்ரின் மாதிரிச் சில மருந்து சாகாத அளவில பட்டா இந்தத் தத்தி கூடப் பெருகுது. அப்ப நன்னஞ்சு அதுக்கு, எங்களுக்கு என்ன நஞ்சு?

மூலச்சொல்லுலயும் நன்மை எண்ட கதை இல்ல. 1943ல ஐடஹோ பல்கலைக்கழகத்தில சௌதம், எர்லிக் எண்டு ரெண்டு பேர் செஞ்சீடர் மரத்துட நடுக்கட்டை வைரத்துச் சாறப் பங்கசுக்கு (பூஞ்சணத்துக்கு) குடுத்துப் பாத்தாங்க, செறிவு கூடினா வளர்ச்சி நிண்டிச்சு, நல்லாக் குறைஞ்சா வழமையவிட வளந்திச்சு. அதுக்குத்தான் தூண்டிவிடுற எண்ட கிரேக்கச் சொல்லுல இருந்து பேர் வச்சாங்க. ஓமோனும் (ஹார்மோன்) அதே வேர்தான், அதால ஹோர்மெசிச "ஓமெசிசு" எண்டு அப்படியே எழுதினா ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளையள் ஓமோன் சங்கதி எண்டு நினைப்பாங்க. ஒரு தம்பி "அளவுக்கு மிஞ்சினால்" பழமொழிய இழுத்திருந்தார், அது மற்றப் பக்கத்துக் கதை, அமிர்தம் நஞ்சாகிறது. இங்க நஞ்செல்லோ தலைகீழாப் போகுது.

"நஞ்சூக்கம்" எண்டா நஞ்சுட ஊக்கம் எண்டும் விளங்கும். "சிறுநஞ்சூக்கம்" எண்டா ஊக்கம்தான் சிறுசு எண்டு ஆள் நினைக்கும். நான் சொல்றது துளிநஞ்சூக்கம். துளிநஞ்சு ஒரு சொல்லா ஒட்டி நிக்குது, "இந்தக் களைநாசினிட துளிநஞ்சூக்க அளவு" எண்டு வசனத்திலயும் இடிக்காது. ஹோமியோபதியோட மாட்டிற பயமும் குறைவு. 1888ல மதுவத்தில (ஈஸ்ட்) முதல்ல இதப் பாத்த ஜெர்மன் ஆய்வாளர் ஹியூகோ ஷூல்ட்ஸ் தானே இதக் கொண்டுபோய் ஹோமியோபதியோட முடிஞ்சுவிட்டார், அதாலயும் கனகாலம் கனபேர் இத மதிக்கல்ல. அங்க மருந்து ஒரு மூலக்கூறும் மிஞ்சாத அளவுக்குக் கரைச்சதாவும் இரிக்கும், இங்க ஒரு துளியாவது இரிக்கோணும்.

ஓட்டையும் இரிக்கு, நானே சொல்லிடுறன். கதிர்வீச்சிலயும் இப்படி நடக்கும் எண்டு சொல்றாக்கள் இரிக்காங்க, அது இன்னும் சண்டையாத்தான் கிடக்கு, ஆனா அதுக்கும் பேர் வேணுமே. கதிர் நஞ்சுமில்ல துளியுமில்ல. "கதிர்த் துளியூக்கம்" எண்டா சமாளிக்கலாமா, சேர்தான் சொல்லோணும்.

இரவு பெரியப்பாக்கிட்டயும் சொல்லிப் பாத்தன். "அதென்ன ஊக்கம், பரிசளிப்பு விழாவா? மதாளிப்பு எண்டு போடு" எண்டார். மதாளிப்பு எண்டா செழிச்சுக் கொழுத்து வளர்றது, வரம்புப் புல்லுக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்துது, முட்டை போடுற பூச்சிக்கு எப்படி மதாளிப்பு எண்டு சொல்ற எண்டுதான் எனக்கு இடிக்குது. ஆருக்காவது வழி தெரிஞ்சா எழுதுங்க, நான் துளிநஞ்சூக்கத்தக் கைவிடுறன்.