கடற்கரை வீடு, 34 டிகிரி அறை: கேமிங் கம்பியூட்டருக்கு எயார் கூலரா, வோட்டர் கூலரா?

உப்புவெளிப் பெடியன்:

வணக்கம். ஒன்றரை வருடமாகச் சேர்த்த காசில் கம்பியூட்டர் ஒன்று பூட்டுகிறேன். ரைசன் 7 7800எக்ஸ்3டி புரொசசர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்ட், 32 ஜிபி ராம். கேஸ், மதர்போர்ட் எல்லாம் வாங்கியாயிற்று, புரொசசரின் சூட்டை இறக்குகிற கூலர் மட்டும்தான் மிச்சம். கொழும்பில் சாமான் எடுத்த கடையில் 360 மில்லிமீற்றர் ரேடியேட்டர் உள்ள வோட்டர் கூலர் இல்லாமல் இந்தப் புரொசசர் தாங்காது என்று சொன்னார்கள், அதன் விலையைக் கேட்டதும் நான் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் ஐந்து நிமிடம். அறைக்கு மேலே சீற் கூரை, ஏசி இல்லை. கச்சான் அடிக்கிற நாட்களில் பகலில் உள்ளே இருக்கவே முடியாது, போன கிழமை மத்தியானம் மேசையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 34 காட்டியது. இரவில்தான் அதிகம் விளையாடுவேன், லீவு என்றால் பகலிலும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2, சைபர்பங்க் இரண்டும்தான் முக்கியம்.

இந்த வெக்கைக்கு எயார் கூலர் போதுமா? வோட்டர் கூலர் வாங்கி அது ஒழுகி கார்டின் மேல் தண்ணீர் விழுந்தால் திரும்ப வாங்க என்னிடம் காசில்லை. இங்கே திருகோணமலையில் பாவித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

உவர்மலை அண்ணா:

தம்பி, எயார் கூலர் வாங்குங்கள். காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த 360 கதையை நம்பிக் காசைக் கொட்டிய பெடியள் பலரை நான் பார்த்துவிட்டேன்.

வோட்டர் கூலர் குளிரை உண்டாக்குவதில்லை. தண்ணீர் புரொசசரின் சூட்டைத் தூக்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது, அங்கே ஃபேன் ஊதுவது உங்கள் அறைக் காற்றைத்தான். எயார் கூலரிலும் கடைசியில் ஊதுவது அதே காற்று. அறை 34 டிகிரி என்றால் எந்தக் கூலரும் 34க்குக் கீழே கொண்டுபோகாது. யூடியூப்பில் 22 டிகிரி ஏசி அறையில் சோதித்து 65 என்று காட்டினால், உங்கள் அறையில் அதே கூலர், அதே வேலைக்கு 77 அளவில் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வோட்டர் கூலருக்கும் அதே 12 டிகிரி கூடும்.

இரண்டாவது, உங்கள் புரொசசரே அவ்வளவு கரண்ட் குடிக்காது. பெட்டியில் 120 வாட்ஸ் என்று போட்டிருந்தாலும் கேம் ஓடும்போது பெரும்பாலும் 50க்கும் 80க்கும் இடையில்தான் எடுக்கும். இதன் உச்ச எல்லை 89 டிகிரி, அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. இந்த மொடலில் மேலதிக கேஷ் நினைவகத்தை, கணக்குப் போடுகிற கோர்கள் உள்ள சிப்பின் மேலே அடுக்கி வைத்திருக்கிறார்கள், சூடு அந்த மேலடுக்கைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். நெரிசல் சிப்புக்கு உள்ளேயே இருக்கும்போது வெளியே எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. இதற்கு அடுத்து வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கீழே மாற்றிவிட்டார்கள், அது வேறு கதை.

இன்னொன்று, எயார் கூலரின் செப்புக் குழாய்களுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கிறது. காற்றை எடுத்துவிட்டு அடைத்திருப்பதால் அது குறைந்த சூட்டிலேயே ஆவியாகித் தகடுகளுக்குப் போய், குளிர்ந்து, குழாயின் உட்சுவர் வழியே திரும்பி வருகிறது. வோட்டர் கூலரில் தண்ணீரைத் தள்ளுகிற மாதிரி பம்ப் இல்லை. தேய்வதற்கு ஃபேன் மட்டும்தான், 120 மில்லிமீற்றர் ஃபேனை எந்தக் கடையிலும் எடுக்கலாம். தேர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ கிடைத்தால் எடுங்கள், ஆறு குழாய், இரண்டு ஃபேன், உங்களுக்குத் தாராளம்.

கிண்ணியா எடிட்டர்:

அண்ணா சொல்வது 7800எக்ஸ்3டிக்குச் சரி. ஆனால் வோட்டர் கூலரே வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடக் கூடாது. நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், என்னுடையது இன்டெல் கோர் ஐ7 14700கே புரொசசர். அது 253 வாட்ஸ் வரைக்கும் இழுக்கும், எடிட் முடிந்த வீடியோவை ரெண்டர் போட்டால் முக்கால் மணித்தியாலம் இறங்காமல் அப்படியே நிற்கும். அதற்கு 360 பூட்டியது வீண்செலவு என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும் என்பதால் ஃபேனும் திடீர் திடீரென்று ஏறி இறங்காது, சின்ன அறையில் பக்கத்தில் பிள்ளை படுத்திருக்கும்போது அது பெரிய விஷயம்.

ஒழுகுவதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். தண்ணீரை உள்ளே அடைத்தே விற்கிற மூடிய வகையில் அது அபூர்வம். பம்ப் போவதுதான் உண்மையான பிரச்சினை. இதற்கு முந்தைய கூலரில் நாலாம் வருடம் எனக்கு அது நடந்தது. முதலில் கிர்ர் என்று ஒரு சத்தம், இரண்டு கிழமையில் பம்ப் நின்றுவிட்டது, மெஷினைப் போட்ட ஒரு நிமிடத்திலேயே சூடு எல்லைக்குப் போய் ஓஃப் ஆகிவிடும். வாரண்டி இருந்தது, ஆனால் சாமான் கொழும்புக்குப் போய்த் திரும்பிவர பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் கையில் இரண்டு கல்யாண வேலை இருந்தது, கடன் வாங்கிய லப்டொப்பில் இரவிரவாக இருந்து முடித்தேன். எயார் கூலரில் ஃபேன் நின்றால்கூட தகடுகள் கொஞ்சமாவது சூட்டை இறக்கும், மேசை ஃபேனைத் திருப்பி வைத்து அன்றைய வேலையை ஒப்பேற்றலாம்.

அப்படியும் வோட்டர்தான் வாங்குவது என்றால் ரேடியேட்டரை கேஸின் மேல்பக்கம் பூட்டுங்கள். குழாய்ச் சுவர் வழியே வருடக்கணக்கில் தண்ணீர் துளித்துளியாக ஆவியாகிப் போகும், அந்த இடத்தில் காற்று சேரும், காற்று எப்போதும் உயரமான இடத்துக்குத்தான் போகும். பம்ப் உயரத்தில் இருந்தால் காற்று அதற்குள் போய்ச் சத்தமும் போட்டுத் தேயவும் செய்யும். என் பழையதை நான் பிழையாகத்தான் பூட்டியிருந்தேன்.

உப்புவெளிப் பெடியன்:

நன்றி அண்ணாமார். அப்போது எயார் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் உப்புக் காற்றுக்கு என்ன செய்வது? பழைய மெஷினின் பின்பக்க ஸ்குரூ எல்லாம் துருப்பிடித்துக் கழற்றவே ஏலாமல் போனது.

நிலாவெளி அக்கா:

தம்பி, நான் கடலுக்கு இன்னும் கிட்ட இருக்கிறேன். கூலரை விட இதுதான் உங்களுக்கு முக்கியமான கேள்வி.

உப்பு ஈரத்தை இழுக்கும். வெளியூரில் மெஷினுக்குள் சேரும் தூசி ஊதினால் பறக்கும், இங்கே அது பசை மாதிரி தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். தகட்டு இடைவெளி அடைபட்டால் எந்தக் கூலராக இருந்தாலும் சூடு ஏறும், ரேடியேட்டரில் இடைவெளி இன்னும் நெருக்கம், அதனால் கெதியாக அடைபடும். மாதம் ஒரு தடவை கேஸின் தூசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவி நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூலர் ஃபேனைக் கழற்றி, காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷால் தகடுகளைத் தட்டிவிடுங்கள். புளோவர் பிடித்தால் ஃபேனை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சும்மா விட்டால் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் போய்விடும்.

மெஷினைக் கடல்பக்க யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். நிலத்திலும் வைக்காதீர்கள், மணலும் ஈரமும் அங்கேதான் இருக்கும். மாரிகாலத்தில் வீட்டில் சுவரே வியர்க்கும், அந்த நாட்களில் விளையாடாவிட்டாலும் ஒருமுறை போட்டு ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள், உள்சூட்டில் ஈரம் போகும். கூலரின் மேல் தண்ணீர் துளிர்க்குமோ என்று பயப்படத் தேவையில்லை. அறைக் காற்றை விடக் குளிர்ந்த பொருளில்தான் துளிர்க்கும், அண்ணா சொன்ன மாதிரி இந்த இரண்டு கூலரும் அவ்வளவுக்குக் குளிராது.

கேஸின் முன்பக்கம் கண்ணாடியா வலையா என்று சொல்லவில்லையே. உங்கள் 4070 தனியாக 200 வாட்ஸ் சூட்டைக் கேஸுக்குள் கொட்டும், கேமில் புரொசசரை விட அதுதான் பெரிய அடுப்பு. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே ஊத, பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும். மிச்சம் பிடித்த காசில் முதலில் இதைச் செய்யுங்கள்.

உப்புவெளிப் பெடியன்:

முன்பக்கம் வலைதான் அக்கா, ஃபேன் இரண்டு அதோடேயே வந்தது. கேஸ் பெட்டியில் கூலர் உயரம் 160 மில்லிமீற்றர் வரைக்கும் என்று போட்டிருக்கிறது. போதுமா?

உவர்மலை அண்ணா:

போதும், அந்தக் கூலர் 155. ராம் உயரமானது என்றால் முன் ஃபேனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பூட்ட வேண்டி வரும், அப்போது அந்த 5 மில்லிமீற்றருக்குள் அடங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். அடங்காவிட்டால் ஒரு ஃபேனோடு ஓட்டலாம், உங்கள் புரொசசருக்கு அதுவும் தாங்கும். போர்டின் மேலே உள்ள பிளாஸ்டிக் பிடிகளைத்தான் கழற்ற வேண்டும், பின்பக்கத் தகட்டை விட்டுவிடுங்கள், கூலர் அதில்தான் பூட்டுப்படும். அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரிக்க மறக்காதீர்கள், அதை உரிக்காமல் பூட்டிவிட்டு சூடு ஏறுகிறது என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டி முடித்ததும் பயோஸில் (மெஷின் போட்டதும் திறக்கிற போர்டின் செட்டிங்கில்) புரொசசருக்குப் போகிற வோல்டேஜைக் குறைக்கிற கேர்வ் ஒப்டிமைசரை மைனஸ் 15இல் வைத்து இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள், ஹேங் ஆகாவிட்டால் மைனஸ் 20. காசு செலவில்லாமல் சில டிகிரி குறையும். அப்புறம், கூலர் பாரமானது, ஓட்டோவில் எங்காவது கொண்டுபோவதென்றால் போர்ட் கீழே இருக்கும்படி கேஸைப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.