மறு: எஃபிஷியன்சி – தொடக்கக் கல்விச் செலவு பற்றிய கட்டுரைக்கு

> செயல்திறன் என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் பழகிய சொல்தானே?

ஐயா, எஃபிஷியன்சிக்கு, அதாவது போட்டதற்கு எவ்வளவு கிடைத்தது என்பதற்கு, கட்டுரையின் தமிழில் எந்தச் சொல் என்பதுதானே கேள்வி. அந்தப் பழக்கம்தான் எனக்கு இடறுகிறது. பெர்ஃபார்மன்ஸுக்கும் செயல்திறன் என்றே எழுதிவருகிறோம். மாநில அரசுகளை ஒப்பிடும் கட்டுரையில் இது சொல்லழகு பற்றிய விஷயம் மட்டுமல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் மாநிலத்தில் 100 பிள்ளைகளுக்கு 4 ஆசிரியர்கள். 80 பேர் தொடக்கக் கல்வியை முடிக்கிறார்கள். இரண்டாவதில் அதே 100 பிள்ளைகள், அதே 4 ஆசிரியர்கள். முடிப்பவர்கள் 60 பேர். மூன்றாவதில் 6 ஆசிரியர்கள், 90 பேர். ஆசிரியர் ஒருவருக்கு முறையே 20, 15, 15 பேர். முதலாவதை 1 என்று வைத்தால் மற்ற இரண்டும் 0.75. இதைச் ‘செயல்திறன் 0.75’ என்று அச்சிட்டால், 90 பேரைக் கரையேற்றிய மாநிலமும் 60 பேரோடு நின்ற மாநிலமும் வாசகர் கண்ணில் ஒன்றாகிவிடும். மூன்றாவது மாநிலத்து ஆசிரியர்களுக்கு இது அநியாயம்.

இலங்கையில் இதற்கு அருமையான இணை புழக்கத்தில் இருக்கிறது: எஃபிஷியன்சிக்கு வினைத்திறன், எஃபெக்டிவ்னஸுக்கு, அதாவது நினைத்த பலனை எவ்வளவு எட்டினோம் என்பதற்கு, விளைதிறன். மூன்றாவது மாநிலத்தின் விளைதிறன் உயர்வு, வினைத்திறன் குறைவு. ஒரே வரியில் விஷயம் முடிந்தது. இரண்டு சொல்லும் ஒலியில் நெருங்கியிருப்பதால் பிழை திருத்துபவர் கவனமாக இருக்க வேண்டும், உண்மைதான். அதற்காக இவற்றைக் கைவிட எனக்கு மனமில்லை.

> வளப் பயன்பாட்டுத் திறன் என்றால் பொருள் தானே விளங்குமே?

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். கட்டுரையில் வரும் அளவீட்டு முறையான டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸை (போடுவதையும் கிடைப்பதையும் வைத்து, சிறந்தவற்றோடு மற்றவற்றை ஒப்பிட்டு அளப்பது) 1978இல் முன்வைத்த சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1981இல் அமெரிக்காவின் ‘ஃபாலோ த்ரூ’ பள்ளித் திட்டத்தை இதைக் கொண்டே அளந்தார்கள். ஆசிரியர் எண்ணிக்கையோடு தாயின் கல்வியையும் உள்ளீடாக, அதாவது உள்ளே போடுவதாக, எடுத்தார்கள். வாசிப்பு, கணக்கு மதிப்பெண்களோடு பிள்ளையின் தன்மதிப்பையும் வெளியீடாக, அதாவது கிடைக்கும் பலனாக, எடுத்தார்கள். தாயின் படிப்பு எந்த அரசின் கருவூலத்திலிருந்தும் வருவதில்லை. அதை ‘வளம்’ என்ற தலைப்பின்கீழ் வைத்தால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் நிறைந்த மாநிலத்தைப் பற்றிப் பேசும்போது சொல்லே நம்மைத் தடுமாற வைக்கும். மலைப்பகுதியில் 15 பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்துவைத்திருப்பதும் அப்படித்தான். அங்கே தலைக்கு ஆகும் செலவு கூடும். ‘வளப் பயன்பாட்டுத் திறன் குறைவு’ என்றால் அது ஊதாரித்தனம் என்று தொனிக்கும், ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே உள்ளீடு, வெளியீடு, வினைத்திறன் என்பதே என் பரிந்துரை.

அடுத்து, அந்த முறையின் பெயர். டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸை ‘தரவு உறை பகுப்பாய்வு’ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். உறை என்றதும் எனக்குக் கடித உறைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே நடப்பது வேறு. ஒவ்வொரு மாநிலத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து, சிறந்தவற்றை இணைத்து ஒரு கோடு இழுக்கிறோம். மற்ற புள்ளிகளெல்லாம் அதற்குள் அடங்குகின்றன. எனவே ‘தரவுச் சூழ்வுப் பகுப்பாய்வு’ என்கிறேன். சூழ்வு என்றால் சதி என்று யாருக்காவது தொனித்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

கடைசியாக, ஸ்லாக், அதாவது பலனுக்கு உதவாமல் மிஞ்சிக் கிடக்கும் உள்ளீடு போன்றது. அதற்குத் தொய்வு போதும். கயிறு கட்டியவர் எவருக்கும் அது புரியும்.